பிலம் புக்கோரை மீட்டல்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம். உத்தரகண்ட் மாநிலத்துச் சில்க்யாராவில், சாலைக்காகக் குடைந்துகொண்டிருந்த மலைச் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டிருந்த நாட்கள் அவை. இளங்கலை மாணவர்களுக்குக் கிட்கிந்தா காண்டத்தில் பிலம் புக்கு நீங்கு படலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். சீதையைத் தேடிச் சென்ற வானரர் இருள் நிறைந்த பிலத்தினுள் புகுந்து வெளியேறும் வழியறியாது திகைப்பதும், அனுமன் பேருருக்கொண்டு நிமிர்ந்து அப்பிலத்தைப் பிளப்பதும் அங்கே வரும். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "இத்தனை இயந்திரங்கள் இருக்கின்றனவே ஐயா, அங்கேயும் இப்படி மேலிருந்து பிளந்து எடுத்துவிட வேண்டியதுதானே?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை.

விடை தேடிப் படிக்கத் தொடங்கியது, நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாற்றில் கொண்டுபோய் விட்டது. நான் சுரங்கவியல் கற்றவனல்லன். நம்மில் பலருக்கும் நிலத்தடிச் சுரங்கம் கண்ணால் கண்ட பொருளன்று. நெய்வேலியில் நாம் காண்பது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். அதுவும் பழுப்பு நிலக்கரி. ஆழத்தில் இறங்கி உழைத்த தமிழரென்றால் கோலார் தங்கவயல் மக்களைத்தான் சொல்லவேண்டும். பாறை வெடிப்பில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கு ஏராளம். 2001இல் அந்தச் சுரங்கங்களும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே இக்கட்டுரையில் பிழையிருந்தால் துறை அறிந்த அன்பர்கள் திருத்த வேண்டுகிறேன்.

மாணவர் கேட்டதற்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடலாம். நிலக்கரிச் சுரங்கம் என்பது கல்லில் வெட்டிய மண்டபம் போன்றதன்று. கரியை எடுக்க எடுக்க மேலேயுள்ள பாறையின் பாரம், விட்டுவைத்த கரித்தூண்களின் மீதும் முட்டுக்கட்டைகளின் மீதும் இறங்குகிறது. ஓரிடம் சரிந்தது என்றால் அந்தச் சமநிலை குலைந்துவிட்டது என்று பொருள். சரிந்ததை அள்ளினால் மேலும் சரியும். இது முதல் தடை. இரண்டாவது, காற்று. கரியிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கிலிருந்து பதினைந்து பங்கு வரை கலந்திருக்கும்போது மட்டுமே வெடிக்கும். அதற்குக் குறைந்தாலும் வெடிக்காது, மிகுந்தாலும் வெடிக்காது. கேட்பதற்கு ஆறுதல் போலத் தோன்றும். ஆனால் மீத்தேன் மிகுந்து நிறைந்த ஓர் அறைக்குள், அங்கே கிடப்பவர் மூச்சுவிடட்டும் என்று நல்ல காற்றை அனுப்பிப் பாருங்கள். விகிதம் இறங்கி இறங்கி, வெடிக்கும் எல்லைக்குள் வந்துவிடும். எங்கோ ஒரு மூலையில் கங்கு கனன்றுகொண்டிருந்தால் போதும். உயிர்காக்கும் காற்றே கொல்லும் காற்றாகிறது. தீயை அணைக்க வேண்டுமானால் காற்றை அடைக்க வேண்டும். காற்றை அடைத்தால் உள்ளிருப்பவர் சாவார்.

மூன்றாவது, நீர். வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் மேடான ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொண்டு, நீரின் அழுத்தத்தால் இறுகி நிற்கும். அந்தக் காற்றுக் குமிழிதான் அங்கே ஒதுங்கியவர்களின் உலகம். மேலிருந்து அவசரப்பட்டுத் துளையிட்டால் காற்று வெளியேறும், நீர் மேலேறும். அனுமன் செய்ததை இங்கே செய்தால் என்ன ஆகும் என்று இப்போது விளங்கும்.

வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாண்டில் ஹார்ட்லி என்றொரு சுரங்கம். அக்காலத்துச் சுரங்கங்கள் பலவற்றைப் போல அதற்கும் மண்ணுக்குள் இறங்க ஒரே ஒரு செங்குத்துக் கிணறுதான். அதை நடுவே மரத்தடுப்பால் பிரித்து, ஒரு பக்கம் காற்று இறங்கவும் மறுபக்கம் ஏறவும் செய்திருந்தார்கள். 1862 ஜனவரி 16ஆம் நாள், கிணற்று வாயில் நின்ற நீரிறைக்கும் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்தது. 40 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள அதில் ஏறத்தாழப் பாதி கிணற்றுக்குள் விழுந்து, மரத்தடுப்பையும் கற்சுவரையும் உடைத்து வாரிக்கொண்டு போய் நடுவில் அடைத்துக்கொண்டது. வேலைமுறை மாறும் நேரம். அப்போது கூண்டில் ஏறிவந்த எட்டுப் பேரில் ஐவர் அங்கேயே மாண்டனர். கீழே 199 பேர்.

ஆறு நாட்கள் தோண்டினார்கள். கிணறு வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள், கயிற்றில் தொங்கியபடி, சிக்கிக் கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒன்றை இழுத்தால் மற்றொன்று சரியும். கீழிருந்து எழுந்த நச்சுவாயுவால் மயங்கியவர்களை மேலே இழுத்துவிட்டு வேறு சிலர் இறங்குவார்கள். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. ஜனவரி 22 அன்று வழி திறந்தபோது உள்ளே உயிரோடு எவருமில்லை. தந்தைமாரும் பிள்ளைகளும் அருகருகே, உறங்குவது போலக் கிடந்தார்களாம். ஒருவரிடம் கிடைத்த குறிப்பேட்டில், அடைபட்ட மறுநாள் தாங்கள் கூடிப் பிரார்த்தித்த செய்தி எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம், புதிய சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகள் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. எலிகூட வளைக்கு இரண்டு வாய் வைக்கும் என்பது உழவர் அறிந்தது. மனிதர் அதை அறிய 204 உயிர்கள் வேண்டியிருந்தன.

அந்த உறங்குவது போன்ற சாவுக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமற்றது, மணமற்றது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இதனை இருநூறு மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். 1896இல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்தபோது அங்கே சென்று இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அன்று, அதன்பின் பரவிய இந்த வாயுவே என்று காட்டினார். அதன் வேலையை அறியத் தாமே அதைச் சுவாசித்துப் பார்த்த விசித்திர மனிதர் அவர். மீட்கச் செல்வோர் சிறு உயிரினம் ஒன்றை உடன் கொண்டுசெல்லலாம் என்ற யோசனையும் அவருடையதே. வேகமாக மூச்சுவிடும் கானரிக் குருவி மனிதருக்கு முன்பே சாய்ந்துவிடும். திரும்பி ஓடச் சில நிமிடங்கள் கிடைக்கும். மின்னணுக் கருவிகள் வந்து, பிரிட்டிஷ் சுரங்கங்கள் தம் கானரிகளுக்கு ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது 1986 டிசம்பரில்தான்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது வட பிரான்சின் கூரியேர் சுரங்க விபத்து. 1906 மார்ச் 10, காலை ஆறரை மணியளவில் நிகழ்ந்தது. மெரிக்கூர், சலோமின், பில்லி மோன்தின்யி எனப் பல ஊர்களின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து கிடந்த சுரங்கவழிகள் அவை. அவற்றுள் ஒரு படலத்தில் சில நாட்களாகவே தீ கனன்றுகொண்டிருந்தது. சுவரெழுப்பி அதை அடைக்க முயன்றுகொண்டே மற்ற இடங்களில் வேலையும் நடந்தது. வெடித்தது மீத்தேன் மட்டுமன்று. காற்றில் மிதக்கும் கரித்தூளே ஒரு வழியிலிருந்து மறுவழிக்கு நெருப்பைக் கடத்தி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழிகளில் சில நிமிடங்களில் பரவியது. இறந்தோர் 1,099 பேர். சிறுவர்கள் பலர். ஐரோப்பியச் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு இல்லை.

மீட்புக்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளர் குழுவொன்று மூச்சுக்கருவிகளுடன் வந்தது. அப்போது மொராக்கோ யாருக்கு என்று பிரான்சும் ஜெர்மனியும் அல்கெசிராஸ் மாநாட்டில் முறைத்துக்கொண்டிருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த வருகை எல்லையின் இருபுறத்துத் தொழிலாளர் மனத்திலும் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்குச் சான்று, கால் நூற்றாண்டு கழித்து, 1931இல், ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் எடுத்த 'காமராட்ஷாஃப்ட்' என்ற திரைப்படம். கதையை முதல் உலகப்போருக்குப் பிந்தைய எல்லைக்கு மாற்றியிருந்தாலும் அதன் வித்து கூரியேர்தான்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. மூன்று நாட்கள் தேடியபின், இனி உள்ளே எவரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று பொறியாளர்கள் முடிவுசெய்தனர். தீயைக் கட்டுப்படுத்தக் காற்றோட்டத்தின் திசையைத் திருப்பினர். மார்ச் 13 அன்று, பனி பொழிய, அடையாளம் காணவியலாத உடல்களைப் பொதுக்குழியில் புதைத்தார்கள். அங்கு வந்த கம்பெனி அதிகாரிகளைக் கூட்டம் ஏசி விரட்டியது. வேலைநிறுத்தம் மூண்டு பல்லாயிரவர் சேர்ந்தனர். உள்துறை அமைச்சராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த கிளெமான்சோ படைகளை அனுப்பினார்.

மார்ச் 30ஆம் நாள். விபத்து நடந்து இருபது நாட்கள். கிணற்றின் அடியில் வேலைசெய்துகொண்டிருந்தவர்கள் முன், இருளிலிருந்து பதின்மூன்று பேர் நடந்து வந்தார்கள்.

அவர்களை யாரும் மீட்கவில்லை. இறந்த தோழர்களின் உடல்களின் மேல் தடவித் தடவி, மூடிக்கிடந்த வழிகளைச் சுற்றி, தாங்களாகவே வந்தார்கள். சுரங்கக் குதிரைகளின் லாயத்தில் கிடைத்த ஓட்ஸையும், செத்த குதிரையின் இறைச்சியையும், முட்டுக்கட்டைகளின் பட்டையையும் தின்று உயிர் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒரு தந்தையும் மகனும் இருந்தனர். ஏப்ரல் 4ஆம் நாள் மேலும் ஒருவர் உயிரோடு கிடைத்தார். பிறகு எவருமில்லை.

அந்தப் பதின்மூன்று பேரும் வெளியே வந்த மகிழ்ச்சி ஒரு பகலுக்குக்கூட நீடித்திராது. கிணற்று வாயில் நின்ற பெண்கள் ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்த கேள்வியை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இருபதாம் நாளில் பதின்மூன்று பேர் என்றால், நான்காம் நாளில் எத்தனை பேர்? காற்றைத் திருப்பியபோது எத்தனை பேர்? பொறியாளர்களைக் கொலையாளிகள் என்று சொல்ல என்னால் இயலவில்லை. நெருப்பு உண்மை, நச்சுவாயு உண்மை, தேடச் சென்றவர் சாவதற்கான வாய்ப்பும் உண்மை. என்றாலும், "உள்ளே உயிரில்லை" என்ற வாக்கியத்தைச் சொன்னவர்கள் அவர்கள். அதன் விளைவைச் சுமந்தவர்கள் வேறு சிலர். கணக்கிடுபவரும் கணக்கில் வருபவரும் ஒருவராக இல்லாமற்போவதுதான் இந்த வரலாறு நெடுகிலும் காணக்கிடக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1934 செப்டம்பர் 22 அன்று வேல்ஸின் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கம் வெடித்தது. இறந்த 266 பேரில் மூவர் மீட்புக்குச் சென்றவர்கள். மறுநாள் மாலை மீட்பைக் கைவிட்டுக் கிணற்றை மூடினர். இரண்டு நாள் கழித்து உள்ளே மீண்டும் வெடித்து, மூடியைத் தூக்கியெறிந்து, தரைமேல் நின்ற தொழிலாளி ஒருவரையும் கொன்றது. மூடியது சரியென்று மெய்ப்பிக்க அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

1963இல் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே. அது நிலக்கரியன்று, இரும்புத்தாதுச் சுரங்கம். எனினும் இங்கே அதைச் சொல்லாமல் கடக்க முடியாது. அக்டோபர் 24 அன்று தாது கழுவிய நீர் தேங்கிய குளம் உடைந்து சுரங்கத்துள் பாய்ந்தது. உள்ளே 129 பேர். 79 பேர் உடனே தப்பினர். எழுவர் மறுநாள் மீட்கப்பட்டனர். நவம்பர் முதல் நாள் மூவர். மீதியுள்ளோர் மாண்டனரென்று கருதி இரங்கல் வழிபாட்டுக்கு நாள் குறித்து, எந்திரங்களைத் திருப்பியனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கரியோ தாதுவோ எடுத்து முடித்துச் சரியவிட்ட பழைய பகுதியை ஜெர்மன் சுரங்கத்தார் 'கிழவன்' என்பார்கள். உயிர் தப்ப அங்கே யாரும் ஓடியிருக்கமாட்டார்கள், அது எந்நேரமும் இடிந்து விழும் இடம் என்பது பொறியாளர் கணக்கு. ஓடியிருக்கலாம் என்பது அனுபவமுள்ள தொழிலாளர் கருத்து. வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு துளை போட்டார்கள். நவம்பர் 3 அன்று கீழிருந்து தட்டும் ஒலி கேட்டது. 21 பேர் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். பத்துப் பேர் விழுந்த பாறைகளால் இறந்துபோயிருக்க, பதினொருவர் இருளில் பிணங்களோடு இருந்தனர். நவம்பர் 7 அன்று அவர்களை மேலேற்றியது, 'டால்புஷ் குண்டு' என்று பெயர்பெற்ற, 38.5 சென்டிமீட்டர் விட்டமே உடைய இரும்புக் குழாய். 1955இல் கெல்சன்கிர்ஷனின் டால்புஷ் நிலக்கரிச் சுரங்கத்தில் மூவரை மீட்கச் செய்யப்பட்ட கருவி அது. தோளைக் குறுக்கிக் கொண்டால்தான் அதற்குள் மனித உடல் நுழையும்.

இந்தக் குழாயின் தம்பி ஒன்று நம் நாட்டிலும் உண்டு. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், மேலே தேங்கியிருந்த நீர் தடுப்பைப் பெயர்த்துக்கொண்டு புகுந்தபோது 375 பேர் மாண்டனர், ஒருவரும் மீளவில்லை. நீரை இறைத்து உடல்களை எடுக்கவே வாரங்கள் ஆயின. அந்த நினைவு மறையாத நிலையில், 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதி மகாபீர் சுரங்கத்தில் அதேபோல் பழைய சுரங்கப்பகுதியின் நீர் உடைத்துக்கொண்டு வந்தது. அன்றிரவு வேலையிலிருந்தவர்களில் பெரும்பாலோர் தூக்குக்கூண்டு வழியே வெளியேறிவிட்டனர். அறுவர் மூழ்கி இறந்தனர். 65 பேர் நீர் எட்டாத மேட்டில் அகப்பட்டனர்.

அங்கே கூடுதல் தலைமைச் சுரங்கப் பொறியாளராக இருந்தவர் ஜஸ்வந்த் சிங் கில், அமிர்தசரஸ் பக்கத்துக்காரர். முதலில் சிறு துளையிட்டு உயிரோடிருப்பதை உறுதிசெய்து, அதன் வழியே உணவு அனுப்பினார்கள். பிறகு ஆள் நுழையும் அளவில் பெரிய துளை. உள்ளூர்ப் பட்டறையிலேயே 22 அங்குல அகலத்தில் எஃகுக் கூண்டு ஒன்றை ஒட்டவைத்துச் செய்தார்கள். வெள்ளோட்டம் பார்த்த கருவியன்று. அந்தத் துளையின் சுவர் நிற்குமா, கயிறு முறுக்கிக்கொள்ளுமா என்று எவரும் உறுதி சொல்லவியலாது. யாராவது ஒருவர் கீழே இறங்கியாக வேண்டும். ஏனெனில் மூன்று நாட்களாகச் சாவை எதிர்நோக்கியிருந்த 65 பேர் முன் ஒருவர் மட்டும் நுழையும் கதவைத் திறந்து வைத்தால் என்ன நேரும் என்பதை யாரும் சொல்லிவிடலாம். வரிசையை அமைக்க ஒரு மனிதர் வேண்டும். நவம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் கில் தாமே அந்தக் கூண்டில் ஏறி நின்றுகொண்டார். ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 65ஆம் மனிதரும் போனபின் தாம் ஏறினார். அப்போது விடிந்து வெகுநேரமாகியிருந்தது.

அவருக்கு 1991இல் சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்கம் கிடைத்தது. 2019 நவம்பரில் காலமானார். 2023இல் இந்திப்படம் ஒன்று வந்தபிறகே அவர் பெயர் நம் பக்கத்தில் பலர் காதில் விழுந்தது; அதுவரை எனக்கும் தெரியாது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். இங்கே மட்டும் கணக்கிட்டவர் தாமே கணக்கின் ஓர் இலக்கமாகக் கீழே இறங்கினார்.

இதைப் படித்துவிட்டு, துணிவிருந்தால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரான்டால் கேன்யன் சுரங்கத்தில் அறுவர் அகப்பட்டனர். அவர்களை எட்டக் கரிச்சரிவை அள்ளிக்கொண்டே முன்னேறியவர்கள் மீது பத்தாம் நாள் பக்கச்சுவர் வெடித்துச் சிதறியது. மீட்கச் சென்றோரில் மூவர் மாண்டனர். அந்த அறுவரின் உடல்களும் கிடைக்கவில்லை. மூன்றாண்டு கழித்து 2010 நவம்பர் 19 அன்று நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் வெடித்து 29 பேர் உள்ளே சிக்கியபோது, வாயிலில் ஆயத்தமாக நின்ற மீட்புக்குழுவை உள்ளே செல்ல அனுமதிக்கவில்லை. குடும்பத்தினர் கெஞ்சினர், சினந்தனர். ஐந்தாம் நாள் இரண்டாம் வெடிப்பு நிகழ்ந்தது. முதல் வெடிப்பிலோ அதையடுத்தோ அனைவரும் இறந்திருக்க வேண்டும் என்று 2012இல் விசாரணை ஆணையம் எழுதியது. குழு உள்ளே போயிருந்தால் சாவு கூடியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டபின்னும் அக்குடும்பங்கள் உடல்களுக்காகப் பல ஆண்டுகள் போராடின. அதைப் பகுத்தறிவற்றது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மேகாலயத்தில் எலிவளைச் சுரங்கங்கள் என்பார்கள். ஒரு கிணறு, அதன் அடியிலிருந்து பக்கவாட்டில், ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய வளைகள். பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் இவற்றைத் தடைசெய்தது. 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜைந்தியா மலையில் க்ஸான் என்னுமிடத்தில், தடைக்குப் பின்னும் நடந்துவந்த ஒன்றில் ஆற்றுநீர் புகுந்து 15 பேர் அகப்பட்டனர். கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 370 அடி. கடற்படை முக்குளிப்போர் வந்தனர், நீர்மூழ்கிக் கருவிகள் வந்தன, தொலைதூரத்திலிருந்து பம்புகள் வந்தன. இறைக்க இறைக்க நீர் ஊறியது. வரைபடம் இல்லாத, ஒன்றுக்குள் ஒன்று திறக்கும் வளைகள். எங்கிருந்து ஊறுகிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் தேடியும் கிடைத்தவை இரண்டு உடல்கள்.

சில்க்யாராவில் 17ஆம் நாள் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். துளையிடும் பெரிய இயந்திரம் இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மீதமிருந்தபோது வரவழைக்கப்பட்டவர்கள் எலிவளைத் தொழிலாளர்கள், பன்னிரண்டு பேர். குழாய்க்குள் தவழ்ந்து சென்று, கைக்கருவிகளால் தோண்டி, மண்ணைக் கையால் அள்ளிப் பின்னுக்குத் தள்ளி, ஏறத்தாழ ஒரே நாளில் வழி திறந்தார்கள். 41 பேரும் உயிரோடு வந்தனர்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அந்தப் பின்வரிசை மாணவர் குழாய் எவ்வளவு அகலம் என்று கேட்டார். 80 சென்டிமீட்டர் என்றேன். அவர் மேசைமேல் இரு கைகளையும் விரித்து அளந்து பார்த்தார்; பிறகு பக்கத்தில் இருந்தவரின் தோள்களுக்கு நேரே அந்த இடைவெளியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார்.